ரீசார்ஜ் சலுகைகளைத் தேடுவதும் ஏமாறாமல் வாங்குவதும்

திருமங்கலத்தில் இருக்கும் அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அதில் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று 100 ரூபாய் டாப்-அப் போட்டு வைத்திருந்தேன். ஒரு மாதம் கழித்து ஊருக்குப் போனபோது பாலன்ஸ் பாதியாகக் குறைந்திருந்தது. கூடுதலாக யாருக்கும் போன் செய்யவில்லை, பேக்கும் முடியவில்லை. விசாரித்ததில் அம்மா சொன்னார்: "ஏதோ எழுத்து வந்துச்சுடா, போகவே இல்ல. ஓகேவ அமுக்கினேன், போயிடுச்சு. மறுபடி வந்துச்சு, மறுபடி அமுக்கினேன்." அந்த இரண்டு ஓகேவில் ஒரு காலர் ட்யூன் சேவை ஏறியிருந்தது. முதல் சில நாள் இலவசம், அப்புறம் மாதக் கட்டணம். அதுவும் சலுகை என்ற பெயரில்தான் வந்திருக்கிறது.

அன்றிலிருந்து வீட்டில் ஐந்து எண்களுக்கு நான்தான் ரீசார்ஜ் செய்கிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். எண், பேக் விலை, போட்ட தேதி, முடியும் தேதி, வர வேண்டிய கேஷ்பேக், வந்ததா இல்லையா என்று ஆறு கட்டங்கள். புதிதாகச் சொந்தமாக சிம் வாங்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும், என்னைப் போல அப்பா அம்மா போனையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் அந்த நோட்டில் இருந்து கற்றதை இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை: நாள் கணக்கு

சலுகையைத் தேடும் முன் உங்களுக்கு என்ன தேவை என்று பாருங்கள். உங்கள் நிறுவனத்தின் செயலியைத் திறந்தால் கடந்த சில நாட்களில் தினமும் எவ்வளவு டேட்டா செலவானது என்று காட்டும். வீட்டிலும் ஹாஸ்டலிலும் வைஃபை இருக்கிறவர்கள் தினம் 2 ஜிபி பேக் போட்டுவிட்டு அரை ஜிபி கூடத் தொடாமல் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மிச்ச டேட்டா நள்ளிரவு 12 மணிக்குப் போய்விடும். அந்தப் பணத்தை எந்தக் கூப்பனும் திருப்பித் தராது.

அடுத்தது வகுத்தல். பேக் விலையை வேலிடிட்டி நாட்களால் வகுத்துவிடுங்கள். 2024 ஜூலை விலை உயர்வுக்குப் பிறகு ஜியோவில் தினம் 1.5 ஜிபி தரும் 28 நாள் பேக் 299 ரூபாய் ஆனது. ஒரு நாளைக்கு 10 ரூபாய் 68 காசு. அதே 1.5 ஜிபி 84 நாளுக்கு 799 ரூபாய். ஒரு நாளைக்கு 9 ரூபாய் 51 காசு. 299 ரூபாய் பேக்கை மூன்று தடவை போட்டால் 897. நீள பேக்கில் 98 ரூபாய் மிச்சம், அதுவும் எந்த ப்ரோமோ கோடும் இல்லாமல். விலைகள் அவ்வப்போது மாறும். நீங்கள் போடும் அன்றைக்குள்ள விலையை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

28 நாள் என்பதை ஒரு மாதம் என்று நினைத்துவிடாதீர்கள். வருடத்துக்கு 13 ரீசார்ஜ் ஆகிவிடும். இந்தப் பதின்மூன்றாவது ரீசார்ஜ் பற்றி எழுந்த புகார்களுக்குப் பிறகுதான், 30 நாள் பேக் ஒன்றும், மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கும் பேக் ஒன்றும் ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் டிராய் (தொலைபேசி நிறுவனங்களுக்கு விதி வகுக்கும் ஒழுங்குமுறை ஆணையம்) உத்தரவிட்டது. சம்பளத் தேதியில் ரீசார்ஜ் செய்கிறவர்களுக்கு அந்த மாதாந்திர பேக் வசதி.

இன்டர்நெட்டே பயன்படுத்தாத பெரியவர்களுக்கு இன்னும் பெரிய மிச்சம் இருக்கிறது. பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனி பேக் வைக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி கொண்டுவந்தது. அதன்படி 2025 ஜனவரியில் ஜியோ 84 நாளுக்கு 448 ரூபாயிலும், ஏர்டெல் 84 நாளுக்கு 469 ரூபாயிலும் டேட்டா இல்லாத பேக்குகளைக் கொண்டுவந்தன. பட்டன் போன் வைத்திருக்கும் அம்மாவுக்கு 299 ரூபாய் பேக்கை மூன்று தடவை போட்டிருந்தால் 897. 448 அதில் சரிபாதி. செயலியைத் திறந்ததும் இந்த பேக் கண்ணில் படாது. பட்டியலில் கீழே இறங்கித் தேடுங்கள், இல்லையென்றால் கடைக்காரரிடம் "டேட்டா வேண்டாம், பேசுறது மட்டும்" என்று கேளுங்கள். உங்கள் வீட்டில் பட்டன் போன் இருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு அதை முதலில் பாருங்கள்.

காட்டும் விலையும் கொடுக்கும் விலையும்

ப்ரீபெய்ட் பேக் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தே இருக்கும். போஸ்ட்பெய்டில் அப்படி இல்லை, வரி தனி. 449 ரூபாய் என்று பெரிதாகப் போட்டிருக்கும் போஸ்ட்பெய்ட் திட்டத்துக்கு பில் வரும்போது 529 ரூபாய் 82 காசு. ப்ரீபெய்டில் இருந்து போஸ்ட்பெய்டுக்கு மாறினால் தள்ளுபடி என்று அழைப்பு வந்தால், முதலில் வரியைச் சேர்த்துவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள்.

டாப்-அப்பிலும் இதே கதைதான். 100 ரூபாய் போட்டால் டாக்டைமாக ஏறுவது 81 ரூபாய் 75 காசு. வரியும் செயல்பாட்டுக் கட்டணமும் போக மிஞ்சுவது அது. "முழு டாக்டைம்" என்று எங்காவது பார்த்தால் எந்தத் தொகைக்கு, எத்தனை நாளுக்கு என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

சலுகை எங்கே இருக்கும்

ஒரே நிறுவனம், ஒரே ஊர், ஆனால் என் எண்ணுக்கு வரும் சலுகை என் தம்பி எண்ணுக்கு வராது. சில நாள் ரீசார்ஜ் செய்யாமல் விட்டவருக்கு ஒன்று, அதிகம் செலவழிப்பவருக்கு வேறொன்று என்று எண்ணைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். அதனால் நண்பர் சொன்ன பேக் உங்களுக்குக் கிடைக்காவிட்டால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். உங்கள் எண்ணுக்கு என்ன இருக்கிறது என்பதைத்தான் தேட வேண்டும்.

நான் தேடும் வரிசை இது. முதலில் நிறுவனத்தின் சொந்தச் செயலியில் "உங்களுக்கான சலுகைகள்" பகுதி. ஸ்மார்ட்போன் இல்லையென்றால் ஏர்டெலில் *121#, வி (வோடபோன் ஐடியா) என்றால் *199# அழுத்தினால் பட்டியல் வரும். இரண்டாவது, தெருமுனை ரீசார்ஜ் கடை. இதைப் பலர் மறந்துவிட்டார்கள். கடைக்காரர்களின் செயலியில் எண்ணைப் போட்டதும் அந்த எண்ணுக்கு மட்டும் உள்ள சலுகைகள் வரும். அவர்கள் அதை ஆர்-ஆஃபர் என்பார்கள். "அண்ணே, இந்த நம்பருக்கு ஆர்-ஆஃபர் ஏதாவது இருக்கா பாருங்க" என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார். சில நேரம் செயலியில் தெரியாதது அங்கே தெரியும். ரீசார்ஜில் அவருக்குக் கமிஷன் கிடைக்கிறது, அதனால் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

மூன்றாவதாகத்தான் கூகுள் பே, போன்பே, பேடிஎம் போன்றவை. ஏன் கடைசி என்றால், ரீசார்ஜுக்கு அங்கே சில ரூபாய் பிளாட்ஃபார்ம் கட்டணம் பிடிக்கிறார்கள். 3 ரூபாய் கட்டணம் கட்டி 2 ரூபாய் ஸ்கிராட்ச் கார்டு வாங்குவது சலுகை ஆகாது. பணம் கட்டும் கடைசித் திரையில் மொத்தத் தொகை பேக் விலையைவிட ஒரு ரூபாய் கூடியிருந்தாலும் பின்னே வந்து, நிறுவனத்தின் சொந்தச் செயலியில் போட்டுவிடுங்கள்.

ஒரு பேக் உண்மையில் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் டிராயின் கட்டண இணையதளத்தில் நிறுவனம், வட்டம் (தொலைபேசிச் சேவைப் பகுதி) வாரியாகத் தேடிப் பார்க்கலாம். தமிழ்நாடு என்ற வட்டத்தைத் தேர்ந்தெடுக்க மறக்க வேண்டாம், வட்டத்துக்கு வட்டம் பேக் மாறும்.

கேஷ்பேக் என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்

இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2017 நவம்பரில் ஜியோ ஒரு சலுகை அறிவித்தது: 399 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரீசார்ஜ் செய்தால் 2,599 ரூபாய் வரை கேஷ்பேக். அதன் உட்பகுதியைப் பாருங்கள். 400 ரூபாய், எட்டு 50 ரூபாய் கூப்பன்களாக. ஒரு ரீசார்ஜுக்கு ஒன்றுதான் பயன்படுத்தலாம், அப்படியென்றால் எட்டு ரீசார்ஜ் செய்தால்தான் முழுதும் கிடைக்கும். 300 ரூபாய் வரை வாலட் நிறுவனங்கள் வழியாக. மீதி 1,899 ரூபாயும் ஷாப்பிங் வவுச்சர்கள்: அஜியோவில் 1,500 ரூபாய்க்கு வாங்கினால் 399 குறைப்பு, ரிலையன்ஸ் ட்ரெண்ட்ஸில் 1,999 ரூபாய்க்கு வாங்கினால் 500 குறைப்பு, யாத்ரா தளத்தில் பயணச்சீட்டுக்கு 1,000 வரை. நிபந்தனைகள் எல்லாம் வெளிப்படையாகவே அறிவிக்கப்பட்டவை. துணியும் விமான டிக்கெட்டும் எப்படியும் வாங்கப்போகிறவருக்கு அது நல்ல சலுகை. 399 ரூபாய் போட்டால் 2,599 கைக்கு வரும் என்று நினைத்தவருக்கு ஏமாற்றம். இன்று வரும் சலுகைகளும் பெரும்பாலும் இதே மூன்று அடுக்கில்தான் வருகின்றன.

அதனால் கேஷ்பேக் என்று பார்த்ததும் நான்கு கேள்விகள் கேளுங்கள். பணம் எங்கே வரும்: வங்கிக் கணக்கிலா, வாலட்டிலா, அந்தச் செயலிக்குள் மட்டும் செல்லும் பாயின்ட்டாகவா, கூப்பனாகவா? "வரை" என்ற சொல் இருக்கிறதா? 100 ரூபாய் வரை என்றால் ஒரு ரூபாய் வந்தாலும் அவர்கள் சொன்னது சரிதான். குறைந்தபட்சத் தொகை எவ்வளவு? கடைசித் தேதி என்ன?

நான்காவது கேள்வியைக் கேட்காமல் நானே ஒரு முறை மாட்டியிருக்கிறேன். ஒரு பணப் பரிமாற்றச் செயலியில் அடுத்த ரீசார்ஜுக்கு 50 ரூபாய் கூப்பன் கிடைத்தது. 84 நாள் பேக் போட்ட கையோடு கிடைத்த கூப்பன் அது. அதன் ஆயுள் 30 நாள். அடுத்த ரீசார்ஜ் வருவதற்குள் காலாவதி. கூப்பனின் ஆயுளையும் உங்கள் பேக்கின் ஆயுளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பேக் நீளமானால் கூப்பன் வீண், கூப்பனுக்காகச் சின்ன பேக் போட்டால் நாள் கணக்கில் நஷ்டம். இரண்டில் எதில் நஷ்டம் குறைவு என்று கணக்குப் போட்டால் பெரும்பாலும் நீள பேக்தான் ஜெயிக்கும்.

ரீசார்ஜ் போடும் நேரத்தில்

எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை வாய்விட்டுப் படியுங்கள். தவறான எண்ணுக்குப் போன ரீசார்ஜைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. ப்ரோமோ கோட் இருந்தால் அதைப் போட்டு, மொத்தத் தொகை குறைந்தது என்று திரையில் பார்த்த பிறகு மட்டும் பணம் கட்டுங்கள். சலுகை நிபந்தனை தெரியும் திரையையும், பணம் கட்டிய ரசீதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சலுகை முடிந்ததும் அந்த நிபந்தனைப் பக்கம் மறைந்துவிடும். பிறகு புகார் சொல்லக் கையில் எதுவும் இருக்காது.

பழைய பேக் முடியும் முன்பே புதியதைப் போட்டால் அது வரிசையில் காத்திருக்குமா, உடனே தொடங்குமா என்று பாருங்கள். ஜியோ, ஏர்டெல் அன்லிமிடெட் பேக்குகள் பொதுவாக வரிசையில் நிற்கும். இதில் ஒரு நல்ல வாய்ப்பும் உண்டு. 2024இல் ஜூன் 27, 28 தேதிகளில் விலை உயர்வை அறிவித்தார்கள், ஜியோவிலும் ஏர்டெலிலும் அமலுக்கு வந்தது ஜூலை 3. அந்த இடைவெளியில் ஜியோவின் 84 நாள் பேக்கைப் பழைய விலையான 666 ரூபாய்க்கு முன்கூட்டியே போட்டு வைத்தவர்களுக்கு 133 ரூபாய் மிச்சமானது. விலை உயர்வுச் செய்தி வந்தால் அன்று மாலையே நோட்டை எடுத்துவிடுங்கள்.

பேக்கோடு ஓடிடி சந்தா இலவசம் என்றால், அது தானாக வராது. பெரும்பாலும் நிறுவனத்தின் செயலிக்குள் போய் அதைக் கோர வேண்டும், ரீசார்ஜ் செய்த அதே எண்ணில்தான் உள்ளே நுழைய வேண்டும். டிவியில் ஓடுமா, மொபைலில் மட்டுமா என்று பாருங்கள். மூன்று மாதச் சந்தா என்று சொல்லும் சில திட்டங்களில், 28 நாள் பேக் முடிந்த 48 மணி நேரத்துக்குள் மறு ரீசார்ஜ் செய்தால்தான் அடுத்த மாதச் சந்தா தொடரும்.

புது சிம், போர்ட் சலுகை

முதல் ரீசார்ஜ் விலை குறைவாக இருக்கும். அது புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும், ஒரு முறைக்கு மட்டும். இரண்டாவது ரீசார்ஜ் விலை என்ன என்று கேட்டுவிட்டு சிம் வாங்குங்கள்.

போர்ட் செய்ய, அதாவது எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்கு மாற, ஆங்கிலத்தில் போர்ட் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, உங்கள் 10 இலக்க எண்ணைச் சேர்த்து 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். வரும் கோட் தமிழ்நாட்டில் 4 நாள் செல்லும். இப்போதைய நிறுவனத்தில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும், போஸ்ட்பெய்ட் என்றால் பில் பாக்கி இருக்கக் கூடாது. மாறியதும் பழைய சிம்மில் மிச்சமிருக்கும் பாலன்ஸும் வேலிடிட்டியும் போய்விடும். அதனால் பேக் முடியப்போகும் வாரத்தில் போர்ட் செய்வதே நல்லது. அந்த கோட் எண்ணைப் போனில் கேட்கும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

கடையில் கைரேகை வைக்கும்போது "விழவில்லை, இன்னொரு தடவை வையுங்க" என்றால் திரையைப் பார்க்கக் கேளுங்கள். ஒரே ஆளின் கைரேகையை இரண்டு தடவை வாங்கி, அவருக்குத் தெரியாமல் இன்னொரு சிம் எடுத்த மோசடிகள் பிடிபட்டிருக்கின்றன. மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று பார்க்கலாம், உங்களுடையது அல்லாததை அங்கேயே சொல்லலாம். தமிழ்நாட்டில் ஒருவர் பெயரில் அதிகபட்சம் 9 இணைப்புகள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

போலிச் சலுகைகள்

மூன்று மாதம் இலவச ரீசார்ஜ் என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றும் இணைப்புகளைத் தொடவே வேண்டாம். டிராய் தருகிறது என்று சொன்னாலும் நம்ப வேண்டாம், டிராய் யாருக்கும் ரீசார்ஜ் சலுகை தருவதில்லை. அது விதி வகுக்கும் அமைப்பு. கேஷ்பேக் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை. பின் கேட்டால் பணம் உங்களிடமிருந்து போகப் போகிறது என்று அர்த்தம். அம்மாவுக்கு நான் சொல்லிக்கொடுத்தது இந்த ஒரு வரிதான்: "பணம் வர்றதுக்கு நம்பர் அடிக்கச் சொன்னா, போனை வச்சிடும்மா."

வரும் எஸ்எம்எஸ்ஸில் அனுப்புநர் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். 2025 முதல் விளம்பரத்துக்கு பி, சேவைத் தகவலுக்கு எஸ், பரிவர்த்தனைக்கு டி, அரசுச் செய்திக்கு ஜி என்று ஆங்கில எழுத்து ஒட்டி வருகிறது. சாதாரண 10 இலக்க எண்ணிலிருந்து வரும் சலுகைச் செய்தியை நான் திறப்பதே இல்லை. வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடாதீர்கள், அங்கே போலி எண்கள் நிறைய. பணம் போய்விட்டால் யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள்.

பிடித்தம் வந்துவிட்டால்

கேட்காத சேவைக்குப் பணம் பிடித்தால், ஆங்கிலத்தில் ஸ்டாப் என்று அடித்து 155223க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள், அல்லது அதே எண்ணுக்கு அழையுங்கள். எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான எண் அது. சலுகைக்காக எப்போதாவது ஆட்டோபே (தானாகவே பணம் பிடித்துக்கொள்ள அனுமதி) போட்டிருந்தால் யுபிஐ செயலியின் ஆட்டோபே பகுதிக்குப் போய் இன்னும் உயிரோடு இருப்பவற்றைப் பார்த்து, வேண்டாததை ரத்து செய்யுங்கள்.

பணத்தைத் திரும்பக் கேட்க உங்கள் நிறுவனத்தின் புகார் எண்ணான 198க்கு அழையுங்கள். புகார் எண் வாங்காமல் அழைப்பை முடிக்காதீர்கள். அவர்கள் சொல்லும் தீர்வு சரியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளுக்குள் எழுதலாம். அதற்குக் கட்டணம் இல்லை, அவர்கள் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

அம்மாவின் விஷயத்தில் மேல்முறையீடு வரை போகவில்லை. திண்ணையில் உட்கார்ந்து 198க்கு அழைத்தேன், சேவை ஏறிய தேதியைக் கேட்டு நோட்டில் எழுதினேன், புகார் எண்ணை வாங்கினேன். நான்காம் நாள் பாலன்ஸ் திரும்ப ஏறியிருந்தது. இப்போது அந்த போனில் தெரியாத எழுத்து எது வந்தாலும் அம்மா சிவப்புப் பட்டனை அழுத்திவிட்டு எனக்கு அழைக்கிறார்.